ராத்திரி பத்தரை மணிக்கு லத்தி தட்டும்! திருவல்லிக்கேணியில் சனி, ஞாயிறு கூத்து

சனிக்கிழமை சாயங்காலம் 5 மணி. திருவல்லிக்கேணி பாரதி சாலை. பழைய ஆட்களுக்கு இன்றைக்கும் அது பைகிராப்ட்ஸ் ரோடுதான். பஸ், ஆட்டோ, ஸ்கூட்டர், நடுவே ஒரு எருமை மாடு. எதுவும் நகரவில்லை. ஆனாலும் யாருக்கும் கோபம் இல்லை. நாளைக்கு லீவு!

பிளாட்பாரத்தில் பழைய புத்தகக் கடை. குந்திய வாக்கில் நாலு பேர் புரட்டிக்கொண்டிருக்கிறார்கள். பக்கத்திலேயே பனியன், பெல்ட், செல்போன் உறை. எதை எடுத்தாலும் ஒரே விலை என்று ஒரு கூவல். ஜாம்பஜார் பக்கம் திரும்பினால் காய்கறிக் கூடைகளுக்கு நடுவே காலை வைக்க இடம் தேட வேண்டும்.

இந்தப் பேட்டைக்கு வாரத்தில் இரண்டு நாள் திருவிழா. ஆனால் திருவிழா பத்தரை மணி வரைதான். அதற்குப் பிறகு யாருக்குச் சோறு உண்டு, யாருக்கு இல்லை என்பதில்தான் தகராறே!

சமையல் கட்டு இல்லாத ஊர்

திருவல்லிக்கேணி என்றால் மேன்ஷன். பத்துக்குப் பத்து ரூம். இரண்டு கட்டில், சில சமயம் மூன்று. கொடியில் சட்டை. வராந்தாக் கடைசியில் பொதுக் குளியல் அறை. காலையில் வாளியோடு வரிசை.

நெல்லை, ராமநாதபுரம், மதுரை, தஞ்சை என்று எல்லா ஜில்லாவில் இருந்தும் வாலிபர்கள் வந்து இறங்கும் இடம் இது. வேலை தேடுகிறவர், வேலை கிடைத்தும் வீடு கிடைக்காதவர், பரீட்சைக்குப் படிக்கிறவர், சினிமாவில் சான்ஸ் தேடுகிறவர். இப்போது வட நாட்டில் இருந்து வந்த தொழிலாளர்களும் சேர்த்தி.

பெரும்பாலான மேன்ஷனில் ரூமுக்குள் அடுப்பு வைக்கக் கூடாது. அது கண்டிஷன். ஆகவே காலை டீயில் இருந்து ராத்திரி இட்லி வரை தெருவில்தான். இவர்களுக்கு மெஸ்தான் அம்மா. ஆனால் பல மெஸ்களில் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி அடுப்பு எரியாது. பரிமாறுகிறவருக்கும் ஒரு நாள் ஓய்வு வேண்டாமா? நியாயம்தான். அன்றைக்கு ராத்திரி இந்த வாலிபர்களின் வயிற்றுக்குப் பொறுப்பு யார்? தெரு முனைத் தள்ளுவண்டி!

பெருமாள் சேவை

சாயங்காலம் 6 மணிக்குக் கூட்டம் பார்த்தசாரதி கோவில் பக்கம் திரும்புகிறது. சனிக்கிழமை பெருமாளுக்கு உகந்த நாள். புரட்டாசி சனி என்றால் கேட்கவே வேண்டாம், மாட வீதி வரை வரிசை நீளும். 108 திவ்ய தேசங்களில் ஒன்று. பல்லவர் காலத்துக் கோவில். மூலவருக்கு மீசை உண்டு. வேறு கோவிலில் இப்படிப் பெருமாளைக் காண்பது அபூர்வம். அல்லி பூத்த கேணிதான் பேட்டைக்கே பெயர் கொடுத்தது.

சேவித்து முடித்த கையோடு கூட்டம் பிரிகிறது. குடும்பஸ்தர்கள் ரத்னா கபே பக்கம். 1948ல் தொடங்கிய ஓட்டல். இட்லியைச் சாம்பாரில் குளிப்பாட்டித் தருவதில் பெயர் எடுத்தது. ‘சார், இன்னும் கொஞ்சம் சாம்பார்’ என்ற குரல் ஓயாது.

அதே நெடுஞ்சாலையில் 1795ல் கட்டிய வாலாஜா பெரிய மசூதி. ரம்ஜான் மாதம் வந்தால் இந்தச் சாலையின் களையே வேறு. நோன்புக் கஞ்சி, சமோசா, ராத்திரித் தொழுகை என்று நள்ளிரவு வரை நடமாட்டம். நோன்பு திறக்க வருகிறவர்களுக்குச் சாப்பாடு பரிமாறுகிறவர்களில் இந்து அன்பர்களும் உண்டு. பல வருஷமாக நடக்கிற வழக்கம் இது.

அலையோடு விளையாட்டு வேண்டாம்

வாலிபர் கூட்டம் மட்டும் நேரே கடற்கரைக்கு. மேன்ஷனில் இருந்து பத்து நிமிஷ நடை. மாங்காய் பத்தை, சுண்டல், பஜ்ஜி, பலூன் சுடுதல், குதிரைச் சவாரி.

இங்கேதான் ஆபத்தும் இருக்கிறது. ஊரில் ஆற்றிலும் கிணற்றிலும் நீந்திய பையன், ‘எனக்கு நீச்சல் தெரியும்ல’ என்று இறங்கிவிடுகிறான். மெரினாவில் நாலு அடி வைத்தால் தரை சரிந்துவிடும். திரும்புகிற அலை காலை வாரி உள்ளே இழுக்கும். நீச்சல் தெரிந்தவனும் தப்புவது கஷ்டம். குளிக்கக் கூடாது என்று போர்டு இருக்கிறது. குதிரைப் போலீஸ் ரோந்து வருகிறது. லீவு நாளில் பிணமாக ஒதுங்கிய பிள்ளைகளின் பெற்றோர், ஊரில் இருந்து பஸ் பிடித்து ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்ற கதை ஒன்றா, இரண்டா?

ராத்திரி 10 மணி ஆனால் மணலில் படுத்திருப்பவர்களைப் போலீசார் எழுப்பி அனுப்புவது வழக்கம். கூட்டம் மறுபடி தெருவுக்குள் வருகிறது. வயிற்றில் பசியோடு.

பத்து மணிக்கு மேல்

அதே 10 மணிக்கு டாஸ்மாக் கடையும் சாத்தப்படுகிறது. அங்கே இருந்து ஒரு கூட்டம். சேப்பாக்கம் ஸ்டேடியத்தில் ராத்திரி ஆட்டம் இருந்தால் 11 மணிக்கு மேல் இன்னொரு கூட்டம். 2008ல் ஐ.பி.எல். வந்த பிறகு, மஞ்சள் சட்டைக்காரர்கள் ஆயிரக்கணக்கில் வாலாஜா ரோட்டில் கொட்டுகிறார்கள்.

அந்தக் காலத்தில் ஸ்டார், பாரகன் தியேட்டர்களில் செகண்ட் ஷோ விட்டால் டீக்கடைகளில் பாய்லர் கொதிக்கும். இரண்டு தியேட்டரும் இன்றைக்கு இல்லை. ஆனால் மவுண்ட்ரோட்டில் 1970ல் திறந்த தேவி தியேட்டர் இருக்கிறது. அங்கே செகண்ட் ஷோ பார்த்துவிட்டு நடந்தே வருகிற மேன்ஷன்வாசிகளும் இருக்கிறார்கள்.

ஆக, பசித்த கூட்டம் தெருவுக்கு வருகிற நேரம் பத்தரை. கடை சாத்துகிற நேரமும் பத்தரை!

தெரு முனையில் ஒரு தள்ளுவண்டி. அக்கா கல்லில் தோசை ஊற்றுகிறார். புருஷன் பார்சல் கட்டுகிறார். மகள் தட்டு கழுவுகிறாள். மொத்தம் மூன்று பேர். அதுதான் கம்பெனி! தூரத்தில் ரோந்து ஜீப்பின் விளக்கு தெரிந்ததும் அக்கா குரல் மாறுகிறது. ‘தம்பி, சீக்கிரம் துன்னுட்டு கெளம்புப்பா. வண்டி வருது.’

ஜீப் நிற்கிறது. வண்டிக் கட்டையில் லத்தி இரண்டு தட்டு. ‘இன்னும் எத்தனை தடவை சொல்றது?’ பெட்ரோமாக்ஸ் காலத்தில் விளக்கை அணைப்பார்கள். இப்போது பேட்டரி பல்பை அணைக்கிறார்கள். பாக்கி மாவு பாத்திரத்தோடு நிற்கிறது. நாளைக்குப் புளித்துவிடும். அன்றைய லாபம் அந்தப் பாத்திரத்துக்குள்தான்.

போலீசார் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. குடித்துவிட்டு வருகிறவன் தள்ளுவண்டியில்தான் நிற்கிறான். காசு கேட்டால் தகராறு. தகராறு முற்றினால் அடிதடி. அதற்கும் போலீஸ்தான் ஓடி வர வேண்டும். கடை இருந்தால் கும்பல், கும்பல் இருந்தால் வம்பு என்பது அவர்கள் கணக்கு.

தெருக்காரர்கள் கணக்கு வேறு. கடை இருந்தால் வெளிச்சம். வெளிச்சம் இருந்தால் செயின் பறிப்புக்காரன் வர யோசிப்பான். ராத்திரி டியூட்டி முடிந்து வருகிற பெண்களுக்கும் இருட்டுச் சந்தை விடத் தோசைக்கடை வெளிச்சம் மேல்.

பத்துப் பேர் இருந்தால் பாஸ்!

சட்டம் என்ன சொல்கிறது? 2019 மே மாதம் தமிழக அரசு ஓர் உத்தரவு போட்டது. 10 பேரோ, அதற்கு மேலோ வேலை பார்க்கும் கடைகளும் நிறுவனங்களும் வருஷம் முழுவதும் 24 மணி நேரமும் திறந்திருக்கலாம். முதலில் 3 ஆண்டுக்கு. 2022ல் நீட்டித்தார்கள். 2025ல் மறுபடியும் நீட்டித்தார்கள்.

கண்டிஷனும் உண்டு. ஊழியருக்குத் தினம் 8 மணி நேரம், வாரம் 48 மணி நேரம்தான் வேலை. முறை வைத்து வார லீவு. பெண் ஊழியர் ராத்திரி வேலைக்குச் சம்மதம் எழுதித் தர வேண்டும், பாதுகாப்பும் தர வேண்டும். 2021ல் வந்த இன்னொரு சட்டப்படி, கடை ஊழியருக்கு உட்கார இருக்கையும் போட வேண்டும்.

நல்ல உத்தரவுதான். பெரிய ஓட்டலுக்கு. மூன்று பேர் நடத்தும் தள்ளுவண்டி இந்தக் கணக்கில் வராது. ஏ.சி. போட்ட ஓட்டலில் ராத்திரி 1 மணிக்கும் பிரியாணி கிடைக்கும். பாக்கெட்டில் காசு குறைவாக இருக்கிற பையனுக்கு 11 மணிக்கு ஒரு தோசை கிடைக்காது!

கைவசம் உள்ள சட்டம்

தள்ளுவண்டிக்காரருக்குச் சட்டமே இல்லை என்பதும் சரியல்ல. 2014ல் மத்திய அரசு தெரு வியாபாரிகள் சட்டம் கொண்டுவந்தது. பல வியாபாரிகளுக்கு அதில் என்ன இருக்கிறது என்றே தெரியாது. விஷயம் இதுதான்:

மாநகராட்சி தெரு வியாபாரிகளைக் கணக்கெடுத்து விற்பனைச் சான்றிதழ் தர வேண்டும். சான்றிதழில் உள்ள நிபந்தனைப்படி வியாபாரம் செய்கிறவரைப் போலீசாரும் தடுக்கக் கூடாது. இடத்தைக் காலி செய்யச் சொன்னால் 30 நாள் நோட்டீஸ் தர வேண்டும்.

சாமானைப் பறிமுதல் செய்தால், என்னென்ன எடுத்தார்கள் என்று கையெழுத்துப் போட்ட பட்டியல் கொடுக்க வேண்டும். கேட்டுப் போனால், கட்டணம் வாங்கிக்கொண்டு, அழுகும் பொருளை அன்றைக்கே திருப்பித் தர வேண்டும். அடுப்பு, பாத்திரம் போன்றவற்றை 2 வேலை நாளுக்குள் தர வேண்டும்.

இடம், நேரம் இவற்றைப் பற்றி யோசனை சொல்ல நகர விற்பனைக் குழு உண்டு. அந்தக் குழுவில் நூற்றுக்கு 40 பேர் வியாபாரிகளே தேர்ந்தெடுத்த வியாபாரிகளாக இருக்க வேண்டும். அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள்.

அதற்காக, கையில் சான்றிதழ் இருந்தால் விடிய விடியக் கடை போடலாம் என்று அர்த்தம் அல்ல. எந்தத் தெருவில், எத்தனை மணி வரை என்பதை மாநகராட்சி முடிவு பண்ண வேண்டும். அதைத்தான் இந்தப் பேட்டை கேட்கிறது. சனி, ஞாயிறு இரண்டு ராத்திரியாவது, ஒரே ஒரு தெருவை ராத்திரிக் கடைத் தெரு என்று அறிவித்தால் என்ன? ஒரு மணி வரை நேரம். பளிச்சென்று விளக்கு. இரண்டு குப்பைத் தொட்டி. பெண்களுக்கும் சேர்த்து ஒரு கழிப்பிடம். முனையில் ஒரு போலீஸ்காரர். அங்கேயும் இங்கேயும் ஜீப்பில் விரட்டுவதை விட ஓரிடத்தில் நின்று பார்ப்பது போலீசாருக்கும் சுலபம்.

நடக்காத காரியம் அல்ல. பக்கத்தில் மெரினா கடற்கரையையே ஒழுங்கு பண்ண ஐகோர்ட்டு முயற்சி எடுத்தது. 900 வண்டிக் கடைகளுக்கு 2021ல் குலுக்கல் நடந்தது. மணலுக்கு முடிகிறது தெருவுக்கு முடியாதா?

வியாபாரிகளும் யோக்கியமாக இருக்க வேண்டும். கழுவிய தண்ணீரைச் சாக்கடை அடைக்கிற மாதிரி கொட்டக் கூடாது. நேற்றைய எண்ணெயை இன்றைக்கும் காய்ச்சக் கூடாது. நடைபாதை முழுவதையும் பெஞ்சு போட்டு வளைத்தால், வயசானவர்கள் ரோட்டில் இறங்கித்தான் நடக்க வேண்டியிருக்கிறது. அந்தப் புகார் நிறைய.

ஞாயிறு ராத்திரி

ஞாயிறு பகல் முழுக்கத் தூக்கமும் துணி துவைப்பும். மொட்டை மாடியெல்லாம் சட்டை, லுங்கி. மத்தியானம் பிரியாணி அண்டாவைத் திறக்கும் வாசனை தெருவையே தூக்குகிறது. சாயங்காலம் சந்தில் கிரிக்கெட், மறுபடி கடற்கரை.

ராத்திரி 9 மணிக்கு மெஸ் வாசலில் பூட்டு. தள்ளுவண்டியைச் சுற்றி முப்பது பேர். தட்டு கைக்குக் கை மாறுகிறது. ‘அக்கா, எனக்கு ரெண்டு கல்தோசை.’ ‘அண்ணே, சட்னி.’ ஊரில் இருந்து அன்றைக்குத்தான் வந்து இறங்கிய ஒரு பையன், பெட்டியைக் காலுக்கு நடுவே வைத்துக்கொண்டு காத்திருக்கிறான். அவன் முறை வருவதற்குள் மணி பத்தேகால்.

அக்கா தெரு முனையை ஒரு தடவை எட்டிப் பார்க்கிறார். பிறகு அந்தப் பையனைப் பார்க்கிறார். கல்லில் இன்னும் ஒரு கரண்டி மாவு விழுகிறது.

இன்னும் பதினைந்து நிமிஷம் இருக்கிறது.