முயலுக்கு ஏற்ற அம்பு

திருக்குறளில் படைச்செருக்கு என்னும் அதிகாரத்தை வகுப்பிலே நடத்தும்போதெல்லாம், முயலுக்காக வழக்காட மாணவர் ஒருவராவது எழுந்து நிற்பது வழக்கம். காட்டு முயலை வீழ்த்திய அம்பைக் காட்டிலும், யானைமேல் எறிந்து தவறிய வேலைக் கையில் ஏந்துதலே இனிது என்கின்றார் வள்ளுவர். “அங்ஙனமாயின், குறி தவறாமல் எய்தவனுக்கு யாதொரு பெருமையும் இல்லையா, ஐயா?” என்று அம்மாணவர் கேட்பார்.

ஏறக்குறைய இருபது ஆண்டுகளுக்கு முன், கொட்டாஞ்சேனையில் நான் நடத்திவந்த மாலை வகுப்பில் இக்கேள்வியைக் கேட்ட இளைஞர் ஒருவர், இன்று அமெரிக்காவிலே பொறியியலாளராக இருக்கின்றார். சென்ற மாதம் அவரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது.

“ஐயா, இங்கே சட்டப்படி அநுமதி பெற்று, ஓய்வு நாள்களிற் குறிப்பயிற்சி செய்யவும், பருவகாலத்தில் முயல் வேட்டைக்குச் செல்லவும், சிறு துளையுடைய சுழல்துப்பாக்கி ஒன்று வாங்க எண்ணியுள்ளேன். நண்பர்கள் பலர் யானைக்கு உரிய வேலையே முயலுக்கும் வாங்கச் சொல்கின்றார்கள். தாங்கள் என்ன நினைக்கின்றீர்கள்? மகனுக்குப் பத்து வயது. அவனும் கூட வர விரும்புகின்றான். அவன் கையில் அதைக் கொடுக்கலாமா?”

நன்னூற் சூத்திரத்திற்குப் பொருள் கேட்டால் உடனே விடை எழுதுவேன். துப்பாக்கியைப் பற்றி நான் அறிந்தது அச்சொல்லின் வரலாறு மட்டுமே. வான்சிறப்பு அதிகாரத்தின் இரண்டாவது குறளில் அதே எழுத்துக்கள் அதே வரிசையில் நிற்கின்றன. ஆனால் அங்கே அது ‘உணவாக ஆக்கி’ எனப் பொருள்படும் தூய தமிழ்த் தொடர். கருவியைக் குறிக்கும் சொல்லோ துருக்கி மொழிவழியாக வந்தது என்பர். ஈழத்தில் நாம் வழங்கும் துவக்கு என்பதும் அதன் உடன்பிறப்பே. உயிரைக் காக்கும் மழையைப் பாடும் குறளிலும், உயிரைப் போக்கும் கருவியிலும் ஒரே ஒலி அமைந்தது மொழியின் விளையாட்டு.

விளையாட்டு என்று எழுதிவிட்டேன். ஆனால் வெள்ளவத்தையில் வாழ்ந்து ஐம்பதைக் கடந்துவிட்ட என் தலைமுறைத் தமிழனுக்குத் துவக்கு என்பது விளையாட்டுச் சொல் அன்று. சோதனைச் சாவடியிலே அடையாள அட்டையை நீட்டியபடி, எதிரே நிற்பவரின் முகத்தை நோக்காமல் அவர் கையிலிருந்ததையே நோக்கிய நாள்கள் எமக்கு உண்டு. ஆகவே, ‘வேண்டாம்’ என்ற ஒற்றைச் சொல்லை எழுதி அனுப்பிவிடலாமா என்று முதலில் எண்ணினேன். ஆனால், கேட்ட கேள்விக்கு விடை சொல்லாது கேள்வியையே தடுப்பது ஆசிரியனுக்கு அழகன்று. எனவே, எங்கள் ஒழுங்கையிலே வசிக்கும் முதியவர் ஒருவரை நாடிச் சென்றேன். இளமையில் பந்தயங்களிற் குறிபார்த்துச் சுட்டுப் பழகியவர் அவர்.

கடிதத்தைப் படித்து முடித்த அவர், “பண்டிதர், பிழையான ஆளிடம் கேட்டாலும் பெடியன் சரியான கேள்விதான் கேட்டிருக்கிறான்” என்று சிரித்தார். பின்னர் ஒரு மணி நேரம் எனக்குப் பாடம் நடத்தினார். அவர் கூறியவற்றை என் நடையிலே தருகின்றேன்.

சாமுவேல் கோல்ட் என்பார் 1836ஆம் ஆண்டில் அமெரிக்காவிலே காப்புரிமை பெற்ற சுழல்துப்பாக்கியில், வெடிமருந்தையும் சன்னத்தையும் தனித்தனியே இட்டு நிரப்பவேண்டியிருந்தது. உலோகக் கூட்டுக்குள் இரண்டையும் ஒருங்கே அடக்கிய சிறு தோட்டாவைக் கொள்ளும் சுழல்துப்பாக்கியை 1857இல் ஸ்மித் அன்ட் வெசன் நிறுவனம் வெளியிட்டது. அதன் உருளையில் ஏழு அறைகள். துளையோ அங்குலத்தில் நூற்றில் இருபத்திரண்டு பங்கு. இன்று உலகெங்கும் பயில்வோர் கையாளும் ‘இருபத்திரண்டு லோங் ரைபிள்’ என்னும் தோட்டா 1887இல் தோன்றியது. அதன் சன்னம் பெரும்பாலும் 40 கிரெயின், அதாவது ஏறக்குறைய இரண்டரைக் கிராம் நிறையுள்ளது.

பயில்பவனுக்கு முதற் பகை குறியின் தூரம் அன்று, அவனுடைய அச்சமே என்றார் முதியவர். பெரிய தோட்டாவின் ஓசைக்கும் உதைப்புக்கும் அஞ்சிய கை, வெடிக்கும் கணத்துக்கு முன்னரே தானாகத் துடிக்கும், கண் மூடும். ஒருமுறை படிந்த இப்பழக்கம் எளிதில் நீங்காது. சிறு தோட்டாவில் உதைப்பு மிகக் குறைவு. விலையும் குறைவாதலால் நிறையப் பயிலலாம். ‘மக்னம்’ எனப்படும் வலிய வகை 1959இல் வந்தது. அது நீண்டது, ஓசை மிக்கது, விலை கூடியது. சாதாரண வகைக்கென அமைந்த உருளையில் அதனை இடலாகாது. தொடங்குபவனுக்கு அது தேவையும் அன்று.

அடுத்தது குழலின் நீளம். முன் குறிமுனைக்கும் பின் குறிமுனைக்கும் இடைவெளி கூடக்கூட, குறிபார்ப்பதில் நேரும் பிழை கண்ணுக்குப் புலனாகும். ஆதலால் பயிற்சிக்கு ஆறங்குலக் குழல் நன்று. இடுப்பில் அணிந்து நெடுந்தூரம் நடப்பவனுக்கு நான்கங்குலம் வசதி. பின் குறிமுனை திருகித் திருத்தக்கதாக இருத்தல் வேண்டும். தோட்டாவின் வகை மாறினால் சன்னம் விழும் இடமும் மாறும். துப்பாக்கி மிக இலேசாக இருத்தல் கூடாது. ஓரளவு கனமே கையை நிலைநிறுத்தும். பிடி உள்ளங்கையில் நிறைந்தும், சுட்டுவிரலின் நுனிச்சதை விசையில் இயல்பாகப் படிந்தும் இருக்கவேண்டும். பெருவிரலால் சுத்தியலைப் பின்னிழுத்து வைத்தபின் விசையை அழுத்துதல் ஒரு முறை. விசையை மட்டும் நெடுக இழுத்து, உருளையைச் சுழற்றி, வெடிக்கச் செய்தல் மற்றொரு முறை. முன்னதில் விசை இளகும், குறியும் கலையாது. இரண்டுக்கும் இடந்தரும் வகையை வாங்குவது நலம். உருளைக்கும் குழலுக்கும் இடையேயுள்ள சிறு வெளியால் வெம்மையான புகை பக்கவாட்டிற் பீறிடும் என்பதையும், அங்கே விரல் வைக்கலாகாது என்பதையும் முதல் நாளிலேயே கற்கவேண்டும். கண்ணுக்கும் செவிக்கும் காப்பின்றி ஒருமுறையேனும் சுடலாகாது.

“முயலுக்கு?” என்று கேட்டேன்.

“ஐந்து சன்னமும் ஓர் எலுமிச்சங்காய் அளவுக்குள் விழும் தூரம் எதுவோ, அதுதான் உங்கள் மாணவனுடைய வேட்டைத் தூரம். அது பத்து யார் என்றால் பத்து யார்தான். அதற்கு அப்பால் நிற்கிற முயல் அவனுடையது அல்ல” என்றார் அவர். சிறு சன்னம் உடலில் எங்கோ பட்டால் பிராணி உடனே இறவாது; புதருக்குள் ஓடி நீண்ட நேரம் துன்புற்று மடியும். கைத்துப்பாக்கியால் வேட்டையாடுவதற்கு ஒவ்வொரு மாநிலத்திலும் ஒவ்வொரு விதி உண்டு. வாங்குமுன் அதனைக் கேட்டறிவது கடமை. நம் நாட்டிலோ 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டப்படி உரிமமின்றி எதனையும் வைத்திருக்கலாகாது. உரிமத்தையும் ஆண்டுதோறும் புதுப்பித்தல் வேண்டும். காட்டுயிர்களைக் காக்க 1937ஆம் ஆண்டின் சட்டம் இருக்கின்றது. வன்னியிலே ஒரு காலத்திற் கறிக்கு அடிபட்ட காட்டுக்கோழி இன்று நம் தேசியப் பறவை.

வீடு திரும்பி விடை எழுத அமர்ந்தபோது, முதியவர் சொன்ன விதிகள் யாவும் எங்கோ கேட்டவை போலத் தோன்றின. எண்ணிப் பார்க்கையில், நம் புலவர்கள் அவற்றை முன்பே சொல்லியிருப்பதைக் கண்டேன்.

‘குறிக்குப் பின்னால் என்ன இருக்கின்றது என்று அறிந்து சுடு’ என்பது ஒரு விதி. இருபத்திரண்டுச் சன்னம் சிறிதெனினும் ஒரு மைலுக்கு மேலும் பறக்கவல்லது. நீரிலும் கல்லிலும் பட்டுத் தெறித்துத் திசை மாறும். பின்னால் மண்மேடு இல்லாத இடத்திற் சுடலாகாது. வல்வில் ஓரியின் ஓர் அம்பு யானையை வீழ்த்தி, புலியை ஊடுருவி, மானை உருட்டி, பன்றியைச் சாய்த்து, இறுதியிற் புற்றிலிருந்த உடும்பிலே தைத்தது எனப் புறநானூற்றிலே வன்பரணர் பாடுகின்றார். அதனை வில்லாண்மை என்று போற்றிக் கற்பித்து வந்தேன். அந்த முதியவர் கேட்டால், ‘உடும்பு இருந்த இடத்தில் ஒரு சிறுவன் இருந்திருந்தால்?’ என்பார்.

‘கண்ணாற் கண்டு தெளியாததைச் சுடாதே’ என்பது மற்றொரு விதி. தசரதன் ஒலியைக் கேட்டு அம்பு விட்டான். நீர் அருந்தும் யானை என்று அவன் எண்ணியது, பார்வையற்ற பெற்றோருக்காகக் குடத்தில் நீர் முகந்த மைந்தன். ஓர் அரசனுடைய காதின் பிழை ஒரு குடும்பத்தை அழித்து, தன் குலத்தையும் பிரித்தது.

மூன்றாவது விதியே கடிதத்தின் கடைசிக் கேள்விக்கு உரியது. சிறிய கருவியை விளையாட்டுப் பொருள் என்று எண்ணாதே. கம்பன் காட்டும் இராமன் சிறுவயதில் உண்டைவில்லால் மண்ணுருண்டை எய்து விளையாடியவன். அவ்வுருண்டை மந்தரையின் கூன்முதுகிற் பட்டது. அதனினும் சிறிய துளையுடைய கருவி வேறில்லை. உயிருக்கு ஊறு செய்யாத கருவியும் அதுவே. ஆனால் அது பட்ட இடம் முதுகு அன்று, மனம். ஆண்டுகள் கழிந்து முடிசூட்டு நாள் நெருங்கியபோது அவள் அதனை நினைத்தாள். பின்னர் நிகழ்ந்தவற்றை நாம் அறிவோம்.

கம்பனை ஆராய்ந்த வ. வே. சு. ஐயரையும் இங்கே நினையாதிருத்தல் இயலாது. 1911ஆம் ஆண்டு ஜூன் 17ஆந் திகதி மணியாச்சி நிலையத்திலே ஆஷ் துரையைச் சுட்டுத் தன்னையும் மாய்த்துக்கொண்ட வாஞ்சிநாதனுக்கு, புதுவையிலே துப்பாக்கிப் பயிற்சி அளித்தவர் ஐயர் என்பர். அதே ஐயரே பின்பு திருக்குறளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1916இல் வெளியிட்டார். காந்தியடிகளின் நெறியையும் ஏற்றார். விசையை அறிந்த விரல்களே கொல்லாமை அதிகாரத்தையும் பெயர்த்து எழுதின. கருவியை அறிந்தவனே அதனைக் கீழே வைப்பதன் பொருளையும் முழுதும் அறிவான் போலும்.

எனக்கும் பத்து வயது இருந்தது. வடமராட்சியில் எங்கள் வளவிலே கெற்றப்போலாற் கல் எறிந்து ஒரு புலுனியை வீழ்த்தினேன். அப்பறவைகள் கூட்டமாக வாழ்வன. விழுந்ததைச் சூழ்ந்து நின்று மற்றவை அலறிய அலறல் நெடுநேரம் ஓயவில்லை. வெற்றிக் களிப்போடு ஓடிச்சென்ற என்னைப் பார்த்து என் அம்மம்மா அடிக்கவில்லை, ஏசவும் இல்லை. “விளையாட்டுக்கோ அடிச்சனி, மேனை?” என்று மட்டும் கேட்டார். இல்லை என்று சொல்வதற்கு எனக்கு வேறு காரணம் ஒன்றும் கிடைக்கவில்லை.

மாணவருக்கு நான் எழுதிய விடை இதுவே: இருபத்திரண்டுத் துளை, ஆறங்குலக் குழல், திருத்தக்க குறிமுனை, கைக்குப் பொருந்தும் பிடி, இவை போதும். முதல் ஓராண்டு தாளை மட்டும் சுடுக. தாளிலேயே நிறைவு பிறந்தால் முயலை அதன் போக்கில் விடுக. மகனுக்குப் பத்து மீற்றர்த் தூரத்தில் காற்றுத்துப்பாக்கிப் பயிற்சி தருங்கள். அதற்கும் பெரியதற்கு உரிய அத்தனை விதிகளும் உண்டு என்று கூறுங்கள். அது சிறுவர்க்கான வெறும் பொழுதுபோக்கு அன்று. 1994இல் விக்ரோறியா நகரிலே நடந்த பொதுநலவாய விளையாட்டு விழாவில், பெண்கள் இரட்டையர் காற்றுத்துப்பாக்கிப் போட்டியில் நம் நாட்டு வீராங்கனைகள் இருவர் பொற்பதக்கம் வென்றனர். அவர்கள் துளைத்ததும் தாளையே. அவன் கையிற் கருவியைக் கொடுப்பதற்கு முன் மந்தரையின் கதையை ஒருமுறை சொல்லுங்கள். இராமன் பக்கம் நின்று அன்று. அவள் பக்கம் நின்று.

முயலுக்காக அவர் அன்று தொடுத்த வழக்குக்கும் ஈற்றில் ஒரு தீர்ப்பு எழுதினேன். வள்ளுவர் பேசுவது, தனக்கு நிகரானவனையும் மேலானவனையும் எதிர்க்கும் நெஞ்சுரத்தை. விலங்கின் பருமையை அன்று. நம் மலைநாட்டிலே ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டு வீழ்த்தியவர் எனப்படும் மேஜர் றொஜேர்ஸ், 1845இல் அப்புத்தளையில் இடி விழுந்து மாண்டார். நுவரெலியாவில் அவர் கல்லறை உண்டு. அத்தனை யானைகளை வீழ்த்திய அவர் கருவியை எந்தக் குறளும் பாடாது.

பதில் சென்ற வாரம் வந்தது. கடிதத்தோடு ஒரு தாள். நடுவே கறுப்பு வட்டம். அதன் ஓரத்தில் இரண்டு, வெளியே மூன்று எனச் சிறு துளைகள் ஐந்து. கீழே, கோணல் மாணலான தமிழ் எழுத்தில், “தாத்தா, கதை கேட்ட பிறகு சுட்டது” என்று ஒரு பையன் எழுதியிருந்தான்.

அத்தாளைக் கம்பராமாயணத்துள் மந்தரை சூழ்ச்சிப் படலத்தில் வைத்திருக்கின்றேன்.