மீள்கட்டுத்துணி பராமரிப்பு

மீள்கட்டுத்துணி என்பது இழுத்தால் நீண்டு, விட்டால் பழைய நீளத்துக்குத் திரும்பும் நீளமான துணிப்பட்டை ஆகும். மருந்துக்கடைகளில் இது பெரும்பாலும் கிரேப் பேண்டேஜ் என்றே கேட்டு வாங்கப்படுகிறது. சுளுக்கு, மூட்டு வீக்கம், சுருள்சிரை நோய் (வெரிகோஸ்), யானைக்கால் நோய் ஆகியவற்றில் உறுப்பைத் தாங்கவும் வீக்கத்தைக் கட்டுப்படுத்தவும் இது சுற்றப்படுகிறது. காயத்தின் மேல் வைத்து எறிந்துவிடும் வலைத்துணியைப் போலன்றி, இதைத் துவைத்துத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம். ஆனால் தவறாகத் துவைத்தால் துணி கிழிவதில்லை. மீளும் ஆற்றல் மட்டும் போய்விடுகிறது. பார்வைக்கு நல்ல துணியாகவே இருப்பதால், பயனற்ற கட்டைப் பல மாதங்கள் சுற்றிக்கொண்டிருப்பவர்கள் உண்டு.

நெய்வேலிப் பகுதியில் பயன்பாடு

கடலூர் மாவட்டத்தில் உள்ள நெய்வேலி நகரியம், 1956-இல் தொடங்கப்பட்ட பழுப்பு நிலக்கரி நிறுவனத்தின் ஊழியர்களுக்காக வட்டங்களாகப் பிரித்து அமைக்கப்பட்ட ஊர். திறந்தவெளிச் சுரங்கத்திலும் அனல்மின் நிலையத்திலும் வேலை இரவு பகலாகச் சுழல்முறையில் நடக்கிறது. இத்தகைய வேலைகளில் மேடுபள்ளமான தரையில் நடக்கும்போது கணுக்கால் பிசகுவதும், மணிக்கணக்கில் நிற்பவர்களுக்குக் காலில் சிரைகள் புடைப்பதும் எங்கும் காணப்படுபவை. கட்டுத்துணியை வேலைநேரத்தில் சுற்றியிருப்பவர்களுக்கு வியர்வையோடு நிலக்கரித் தூளும் மணலும் நெசவுக்குள் புகுந்துவிடும். நுண்மணல் இழைகளுக்கு நடுவே தங்கி, ஒவ்வோர் அசைவிலும் அவற்றை உராய்கிறது. எனவே இங்கே துவைப்பது அழகுக்காக அல்ல.

இந்தப் பகுதியில் கட்டுத்துணிக்கு இன்னொரு தேவையும் உண்டு. கடலூர் மாவட்டம் நீண்ட காலம் யானைக்கால் நோய் பரவியிருந்த மாவட்டங்களில் ஒன்று. உச்சரீரியா பான்கிராஃப்டி என்னும் புழுவைக் கியூலெக்ஸ் கொசு பரப்புவதால் இந்நோய் வருகிறது. 1990-களின் பிற்பகுதியில், ஊரில் உள்ள அனைவருக்கும் ஆண்டுக்கு ஒருமுறை டி.இ.சி. மாத்திரை கொடுக்கும் முறை இம்மாவட்டத்தில் சோதனையாக நடத்தப்பட்டது. 2004 முதல் அது நாடு தழுவிய திட்டமானது. அருகிலுள்ள புதுச்சேரியில் 1975-இல் நிறுவப்பட்ட நோய்பரப்பிக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் இந்நோய் குறித்துப் பல ஆண்டுகள் ஆய்வு செய்துள்ளது. மாத்திரை, புழு புதியவர்களுக்குப் பரவுவதைத் தடுக்கிறது. ஏற்கெனவே வீங்கிவிட்ட காலை அது பழைய நிலைக்குக் கொண்டுவருவதில்லை. அத்தகையோருக்கு அன்றாடம் காலைக் கழுவுதல், உயர்த்தி வைத்தல், எளிய பயிற்சி, மருத்துவர் சொன்னால் கட்டுத்துணி ஆகியவையே வாழ்நாள் முழுவதற்குமான கவனிப்பு.

துணியின் அமைப்பு

எல்லாக் கட்டுத்துணியும் ஒன்றல்ல. எப்படித் துவைப்பது என்ற கேள்விக்கு விடை, அது எதனால் நெய்யப்பட்டது என்பதில் இருக்கிறது.

பழைய வகை முழுக்கப் பருத்தியால் ஆனது. நூலை மிகையாக முறுக்கி நெய்வதால் துணி தானாகவே சுருங்கி, இழுக்கும்போது நீள்கிறது. இதில் ரப்பர் இல்லை. அமெரிக்காவின் பெக்டன் டிக்கின்சன் நிறுவனம் 1918-இல் தன் கட்டுத்துணிக்குச் சூட்டிய ஏஸ் என்ற பெயர்கூட, முழுப் பருத்தி மீள்துணி என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளே. அணிய அணிய இவ்வகைத் துணி தளர்ந்துபோகும். தண்ணீரில் நனைத்துத் துவைத்தால் முறுக்கு மீண்டும் இறுகி, நீட்சி திரும்பிவிடும். அழுக்கே இல்லாவிட்டாலும் பருத்திக் கிரேப்பைத் துவைக்க வேண்டியிருப்பது இதனால்தான்.

இரண்டாவது வகையில் பருத்தி அல்லது செயற்கை இழையோடு ரப்பர் நூலோ ஸ்பான்டெக்ஸ் நூலோ சேர்க்கப்பட்டிருக்கும். இது அதிகம் நீளும், கைக்கு மென்மையாக இருக்கும். ஆனால் சூடு, குளோரின், எண்ணெய் ஆகியவற்றுக்கு எளிதில் பலியாகும். உறையைத் தூக்கி எறியும்முன் அதில் உள்ள இழை விவரத்தையும் துவைக்கும் குறியீட்டையும் பார்த்து வைப்பது நல்லது. உறை தொலைந்துவிட்டால் இரண்டாவது வகையாகவே கருதி நடத்துவது பாதுகாப்பானது.

மீள்தன்மை ஏன் முக்கியம்

கட்டு காலின் மீது செலுத்தும் அழுத்தம் நான்கைப் பொறுத்தது: துணியின் இழுவிசை, சுற்றுகளின் எண்ணிக்கை, காலின் பருமன், துணியின் அகலம். முதல் இரண்டும் கூடினால் அழுத்தம் கூடும். பின்னிரண்டும் கூடினால் குறையும். ஒரே இழுப்பில் சுற்றினாலும் மெல்லிய கணுக்காலில் அழுத்தம் மிகுந்தும் பருத்த கெண்டைக்காலில் குறைந்தும் இருக்கும். காலில் தேங்கிய நீர் மேல்நோக்கி நகர வேண்டுமென்றால் அப்படித்தான் இருக்க வேண்டும்.

இழுவிசை குறைந்த துணியைச் சுற்றுபவர், கட்டு நிற்கவில்லையே என்று இன்னும் இறுக்கி இழுக்கிறார், அல்லது கூடுதலாக ஒரு சுற்றுப் போடுகிறார். அழுத்தம் ஓரிடத்தில் குவிந்து, இன்னோரிடத்தில் இல்லாமல் போகிறது. தளர்ந்த பகுதி நடக்கும்போது நழுவிக் கயிறுபோலத் திரண்டு, முழங்காலுக்குக் கீழே ஒரு வளையமாக இறுகும். வீக்கத்தைக் குறைக்கக் கட்டிய துணியே அதற்குக் கீழே வீக்கத்தைக் கூட்டிவிடுகிறது.

துவைத்தல்

முதலில் உலோகக் கொக்கிகளைக் கழற்றிவிட வேண்டும். அவை துருப்பிடித்துக் கறை ஏற்படுத்துவதோடு நெசவையும் கிழிக்கும். சுருளைப் பிரித்து உதறி, ஒட்டியிருக்கும் தூளை நீக்கிய பிறகே நனைக்க வேண்டும். இரத்தக்கறை இருந்தால் குளிர்ந்த நீரில் ஊற வைப்பதே சரி; சுடுநீர் கறையை இழையோடு பிணைத்துவிடும்.

ரப்பரோ ஸ்பான்டெக்ஸோ கலந்த துணிக்குக் கை பொறுக்கும் இளஞ்சூட்டு நீர் போதும். மென்மையான சோப்பைக் கரைத்து, துணியை அதில் அமிழ்த்தி, மாவு பிசைவதைப்போல் அழுத்தி அழுத்தி விட வேண்டும். துவைகல்லில் அடிப்பதும், பிரஷ் போட்டுத் தேய்ப்பதும், முறுக்கிப் பிழிவதும் வேட்டிக்கும் போர்வைக்கும் பொருந்தலாம், இதற்குப் பொருந்தாது. முழுப் பருத்தித் துணியில் பலவற்றைக் கொதிநீரிலேயே துவைக்கலாம் என்று தயாரிப்பாளர்கள் குறிப்பிடுகிறார்கள். அந்தக் குறிப்பு இருந்தால் மட்டுமே கொதிக்க வைக்கலாம்.

வெள்ளைத் துணி என்பதால் வீட்டில் உள்ளவர்கள் ப்ளீச்சிங் பவுடரைத் தேடுவது இயல்பு. குளோரின் மீள் நூலை அரித்து நொறுங்கச் செய்யும். கஞ்சி போட்டால் நெசவு விறைத்து நீளாது. துணியை மென்மையாக்கும் திரவங்கள் இழைமேல் படலமாகத் தங்கிவிடும். டெட்டால் போன்ற கிருமிநாசினியை ஊற்றினால்தான் சுத்தம் என்ற நம்பிக்கையும் பரவலாக இருக்கிறது. அன்றாட அழுக்கையும் வியர்வையையும் நீக்கச் சோப்பும் நல்ல அலசலும் போதும். சரியாக அலசப்படாத கிருமிநாசினி, கட்டுக்கு அடியில் மணிக்கணக்கில் தோலோடு ஒட்டியிருந்து எரிச்சலைத் தரும். சோப்புக்கும் இது பொருந்தும். நுரை வராத வரை அலச வேண்டும். உப்புத்தண்ணீர்க் கிணறு உள்ள வீடுகளில் கடைசி அலசலையாவது நல்ல தண்ணீரில் செய்தால், துணி சொரசொரப்பாவதைக் குறைக்கலாம்.

எண்ணெயும் தைலமும்

சுளுக்குப் பிடித்த இடத்தில் தைலம் தடவி, அதன்மேல் இறுக்கிக் கட்டுவது தமிழ்நாட்டு வீடுகளில் வழக்கம். துணிக்கு இதைவிடக் கெடுதல் வேறில்லை. தேங்காய் எண்ணெயானாலும் நல்லெண்ணெயானாலும் மருந்துக்கடைக் களிம்பின் பாரஃபினானாலும், ரப்பர் இழை அதை உறிஞ்சி உப்பி, வலுவிழக்கிறது. எண்ணெய் ஊறிய நூலைத் துவைத்தாலும் பழைய வலு திரும்பாது. தைலம் பூசியே ஆக வேண்டுமென்றால், அது தோலில் ஊறிய பின் மீதியைத் துடைத்துவிட்டு, ஒரு மெல்லிய பருத்தி உறையை மாட்டி அதன்மேல் கட்டலாம். யானைக்கால் நோயில் தோல் வெடிக்காமலிருக்க ஈரப்பதக் களிம்பு தேவைப்படுபவர்கள், அதை இரவில், கட்டை அவிழ்த்த பிறகு பூசிக்கொள்வது இரண்டுக்கும் நல்லது.

பண்ருட்டி, நெய்வேலிச் சுற்றுவட்டாரத்தில் முந்திரித் தொழிலில் இருப்பவர்களுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. முந்திரிக் கொட்டையின் ஓட்டு எண்ணெய் பட்ட இடம் கருத்துப்போவதோடு, தோலையும் புண்ணாக்கும். அந்த எண்ணெய் ஊறிய கட்டுத்துணியை மீட்க முயல்வதில் பொருளில்லை.

உலர்த்தல்

பிழிவதற்குப் பதிலாக, உலர்ந்த துண்டின் மேல் துணியைப் பரப்பி, இரண்டையும் சேர்த்துச் சுருட்டி அழுத்தினால் பெரும்பாலான நீர் துண்டுக்குப் போய்விடும். பிறகு நிழலில், காற்றோட்டமான இடத்தில், கிடைமட்டமாகப் போட வேண்டும். கொடியில் ஒரு முனையைக் கிளிப் போட்டுத் தொங்கவிட்டால், ஈரத்தின் எடையே துணியை இழுத்து நீட்டிவிடும். பரப்ப இடமில்லையென்றால் பல மடிப்பாகக் கொடியின் மேல் போடலாம். மே மாத வெயிலில் மொட்டைமாடித் தரையில் காயப்போட்டால் அரைமணி நேரத்தில் காய்ந்துவிடும் என்பது உண்மைதான். அந்தச் சூடும் புற ஊதாக் கதிரும் ரப்பரை வெடிக்கச் செய்யும் என்பதும் உண்மை. இஸ்திரி போடவே கூடாது.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை, வடகிழக்குப் பருவமழையில், சிக்கல் தலைகீழாகிறது. துணி இரண்டு நாளானாலும் காய்வதில்லை. அரைகுறையாகக் காய்ந்ததைச் சுற்றிக்கொண்டால் கால்விரல் இடுக்குகளில் பூஞ்சை பிடிக்கும். ஒரே துணியை நம்பியிராமல் இரண்டு வைத்துக்கொண்டு மாற்றிக் கட்டுவது மழைக்காலத்தில் கட்டாயம் என்றே சொல்லலாம். அறைக்குள் மின்விசிறியின் கீழ் நாற்காலிச் சாய்மானத்தில் மடித்துப் போடுவது எளிய வழி. 2015-ஆம் ஆண்டு இறுதியில் கடலூர் மாவட்டத்தில் ஏற்பட்டது போன்ற வெள்ளத்தில், அழுக்கு நீரில் நனைந்த கட்டை உடனே அவிழ்த்து, காலைச் சோப்பால் கழுவித் துடைக்க வேண்டும். காயும்வரை பொறுத்திருக்கக் கூடாது.

முழுவதும் காய்ந்த பின், இழுக்காமல் தளர்வாகச் சுருட்டி மூடிய பெட்டியில் வைக்கலாம். இழுத்துச் சுருட்டினால் துணி பயன்படாத நேரத்திலும் விறைப்பிலேயே இருந்து விரைவில் களைத்துவிடும்.

யானைக்கால் நோயில் கூடுதல் கவனம்

வீங்கிய காலில் தோல்மடிப்புகளிலும் விரல் இடுக்குகளிலும் சிறு வெடிப்புகள் ஏற்படுகின்றன. அவற்றின் வழியே பாக்டீரியா நுழைந்தால் காய்ச்சல், நெறிகட்டுதல், கால் சிவந்து வலித்தல் ஆகியவை வரும். இத்தகைய ஒவ்வொரு தாக்குதலுக்குப் பிறகும் வீக்கம் சிறிது கூடி, தோல் தடிக்கிறது. அழுக்கான, ஈரமான கட்டு இதற்கு வழிவிடுகிறது. எனவே தினமும் கால் கழுவும்போதே துணியையும் மாற்ற வேண்டும். புண் இருந்தால் அதை முதலில் தனி வலைத்துணியால் மூடிவிட்டு அதன்மேல் கட்ட வேண்டும். காய்ச்சலோடு கால் சிவந்து வலிக்கும் நாள்களில் கட்டை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

நன்றாக நீளும் வகையைத் தூங்கும்போது அவிழ்த்துவிடுவது வழக்கம். படுத்திருக்கும்போதும் அதன் அழுத்தம் குறையாமல் இருப்பதே காரணம். நீரிழிவால் பாதம் மரத்துப்போனவர்களும், காலுக்கு இரத்த ஓட்டம் குறைந்தவர்களும் மருத்துவர் சொல்லாமல் இதைக் கட்டக் கூடாது. கட்டிய பின் விரல்கள் நீலம் பாரித்தாலோ, வெளிறினாலோ, மரத்தாலோ உடனே அவிழ்க்க வேண்டும்.

கழித்தல்

துணியின் ஆயுள் துவைத்த எண்ணிக்கையைவிட நடத்திய விதத்தைப் பொறுத்தது. சோதிப்பது எளிது. புதிதாக வாங்கியதும் மேசைமேல் இழுக்காமல் பரப்பி நீளத்தை அளந்து, உறையிலோ நாட்காட்டியிலோ குறித்து வைக்க வேண்டும். பிறகு துவைத்துக் காய்ந்த நாளில் அதேபோல் அளந்தால், துணி மீளாமல் நீண்டுவிட்டதா என்பது தெரியும். இழுத்துவிட்டால் அலையலையாக நெளிந்து கிடப்பதும், ஓரங்களில் மெல்லிய வெள்ளை நூல்கள் அறுந்து நீட்டிக்கொண்டிருப்பதும், நடுவில் வெளிச்சம் தெரிவதும் காலம் முடிந்ததன் அடையாளங்கள். சீழ் ஊறியதையும், பூஞ்சைப் புள்ளி விழுந்ததையும் அளந்து பார்க்கத் தேவையில்லை, எறிந்துவிடலாம்.

ஒருவர் பயன்படுத்தியதை இன்னொருவருக்குக் கொடுப்பது, அது துவைத்ததாகவே இருந்தாலும், தவிர்க்கப்பட வேண்டும். தளர்ந்துபோன, சுத்தமான துணிக்கு வேறு வேலைகள் உண்டு. நகரியத்துக் குடியிருப்புத் தோட்டங்களில் இளஞ்செடியைக் குச்சியோடு சேர்த்துக் கட்ட, தண்டை அறுக்காத இதைவிட நல்ல கயிறு கிடைக்காது.