காயத்திற்கு முன்பே வேண்டிய ஏற்பூசி

சிலாபத்திலிருந்து உடப்பு, முந்தல், பாலாவி வழியாகக் கற்பிட்டிக் குடாநாட்டின் முனை வரை நீளும் புத்தளம் மாவட்டக் கரையோரத்தில் கடலும் களப்பும் உப்பளமும் தோட்டமும் அடுத்தடுத்தே கிடக்கின்றன. கரைவலை இழுப்பவரும் உப்பு வாருபவரும், எரு இட்ட மணல் நிலத்தில் வெங்காயமும் மிளகாயும் பயிரிடுபவரும் வெறுங்காலுடன் உழைக்கும் இடங்கள் இவை. திருக்கை முள்ளோ சிப்பி ஓடோ குத்தினால், கடல்நீரில் கழுவிவிட்டு வேலையைத் தொடர்வதே பலரது வழக்கம்.

ஏற்புவலிக்குப் பெரும்பாலும் வாயிலாவது இத்தகைய காயமே. தமிழகத்தில் ரணஜன்னி எனப்படும் இந்நோயை உண்டாக்கும் கிளொஸ்ட்ரிடியம் டெட்டனி என்னும் பற்றீரியா, வித்தி எனப்படும் தடித்த உறையுடைய உறங்குநிலையில் மண்ணிலும், மாடு, ஆடு, கழுதை போன்றவற்றின் சாணத்திலும் பல்லாண்டுகள் உயிர்வாழக்கூடியது. துருப்பிடித்த ஆணியே நோயைத் தரும் என்பது பிழையான எண்ணம்; மண் படிந்த எந்தக் கூரிய பொருளும், காற்றுப் புகாத ஆழத்துக்கு வித்தியைக் கொண்டுசென்றால் போதும். அங்கே முளைக்கும் பற்றீரியா சுரக்கும் நஞ்சு நரம்பு வழியே முள்ளந்தண்டு வடத்தை அடைந்து, தசையைத் தளர்த்தும் சமிக்ஞைகளைத் தடுத்துவிடுவதால், முதலில் தாடை இறுகி, பின் கழுத்தும் முதுகும் விறைத்து, இறுதியில் மூச்சே தடைப்படலாம். காயத்திற்கும் முதல் அறிகுறிக்கும் இடையே வழக்கமாக 3 முதல் 21 நாட்கள் செல்வதால், அதற்குள் சிறு காயம் ஆறி மறந்தும் போயிருக்கலாம்.

இந்நோய் மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொற்றுவதில்லை. ஆகவே ஊரில் எல்லோரும் தடுப்பூசி பெற்றிருந்தாலும், பெறாத ஒருவருக்கு அதனால் எந்தப் பாதுகாப்பும் இல்லை. உயிரைப் பறிக்கப் போதுமான நஞ்சின் அளவு, எதிர்ப்பாற்றலைத் தூண்டத் தேவையான அளவிலும் குறைவு என்பதால், நோய் வந்து பிழைத்தவரும் தடுப்பூசி பெற்றாக வேண்டும்.

இலங்கையில் ஏற்புவலியையும் தடுக்கும் முக்கூட்டுத் தடுப்பூசி 1961இலும், கர்ப்பிணிகளுக்கான ஏற்பூசி (ஏற்புவலித் தடுப்பூசி) 1969இலும், விரிவாக்கப்பட்ட தடுப்பூசித் திட்டம் 1978இலும் தொடங்கின. குழந்தைப் பருவத்திலும் பாடசாலையிலும் கர்ப்ப காலத்திலும் ஊசி தொடர்ந்து வழங்கப்பட்டதால், பச்சிளங்குழந்தைகளின் ஏற்புவலி நாட்டின் பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இல்லாமற் போனது பெருஞ்சாதனை. ஆனால் இந்த ஒழுங்கில், திட்டம் வேரூன்றுமுன் பிறந்து, பாடசாலையை இடையில் விட்டுக் கடலுக்குப் போன ஆணுக்கு இடமில்லை. அவரது மனைவிக்குக் குடும்பநல உத்தியோகத்தர் தேடி வந்து ஊசி கிடைக்கச் செய்தார். கணவரைத் தேடி யாரும் வரவில்லை. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு இம்மாவட்டத்தில் தஞ்சமடைந்த முஸ்லிம்களிலும், முன்பு பெற்ற ஊசிகளுக்குச் சான்று காட்ட முடியாதவர்கள் இருப்பர். பதிவு இல்லாதவரை ஊசி பெறாதவராகவே கொள்வது பாதுகாப்பானது.

அத்தகையோருக்கு ஏற்பூசி என்பது காயம்பட்டபின் போடும் மருந்தாகவே அறிமுகம். முன்னர் எதுவும் பெறாதவரின் உடல் முதல் ஊசிக்குப் போதிய எதிர்ப்பொருளை உருவாக்குவதில்லை என்பதால், அந்த ஓர் ஊசி அன்றைய காயத்திலிருந்து அவரைக் காக்காது; அதற்குத் தயார்நிலை எதிர்ப்பொருள் அடங்கிய இம்யூனோகுளோபுலின் வேறாகத் தேவைப்படும், அதன் காப்பும் சில வாரங்களே. இந்த ஆபத்துக்கு ஓர் எடுத்துக்காட்டு: 2004 ஆழிப்பேரலைக்குப் பின் இந்தோனேசியாவின் ஆச்சே மாகாணத்தில் 106 பேருக்கு ஏற்புவலி கண்டு 20 பேர் மாண்டனர். பாதிக்கப்பட்டோரில் பெரும்பாலோர் வளர்ந்தவர்கள்.

வளர்ந்தவருக்கான அடிப்படை வரிசை மூன்று ஊசிகள்: முதலாவதற்குப்பின் குறைந்தது நான்கு வாரம் கழித்து இரண்டாவது, அதற்குப்பின் குறைந்தது ஆறு மாதம் கழித்து மூன்றாவது, நீடித்த காப்புக்கு மேலும் இரு ஊக்க ஊசிகள் வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் வடகிழக்குக் கரையில் வாடி அமைத்துத் தொழில் செய்யப் போவோருக்கு இந்த இடைவெளிகள் தடையாகத் தோன்றலாம். எனினும் தாமதமானால் வரிசையை மீண்டும் தொடங்க வேண்டியதில்லை, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளும் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களும் இணைந்து, படகுகள் புறப்படுமுன் முதல் இரு ஊசிகளையும், திரும்பியதும் மூன்றாவதையும் கரையிலேயே வழங்க முன்வர வேண்டும்.