படிக்கு ஒரு கணக்கு, கிலோவுக்கு ஒரு கணக்கு!

சென்ற தீபாவளிக்கு அல்சூரில் எங்கள் வீட்டு முறுக்கைக் கடிக்க முடியவில்லை. குற்றம் மாவில் இல்லை, கணக்கில்!

“ஐந்து டம்ளர் அரிசி மாவுக்கு ஒரு டம்ளர் உளுந்து மாவு” என்று ஊரிலிருந்து மாமியார் சொல்லியனுப்பினார். 200 மில்லி டம்ளர் என்றால் 200 கிராம்தானே என்று, ஒரு கிலோ பொட்டலத்தை அப்படியே கொட்டச் சொன்னவன் நான்தான். பிறகு அளந்து பார்த்தால் ஒரு கிலோ மாவு எட்டு டம்ளர் வந்தது! உளுந்து மாவு போதவில்லை. பஞ்சு மூட்டையையும் இரும்புப் பெட்டியையும் ரயில்வே தராசில் தினமும் பார்க்கிறவனுக்கு, அடுப்படியில் அது மறந்துவிட்டது.

நம் பாட்டிமாருக்கு இந்தத் தொல்லை இல்லை. எட்டு ஆழாக்கு ஒரு படி. இங்கே கன்னடத்தார் நாலு பாவு ஒரு சேர் என்றார்கள். 1956-ல் சட்டம் வந்து, 1958 அக்டோபர் முதல் கிலோ படிப்படியாகப் புழக்கத்துக்கு வந்தது. கடை எடைக்கு மாறியது. சமையல் டம்ளரிலேயே நின்றுவிட்டது.

200 மில்லி டம்ளரில் தண்ணீர் 200 கிராம் பிடிக்கும். எண்ணெய் சுமார் 180, அரிசி 165, ரவை 140, அரிசி மாவு 125. மாவை அமுக்கினால் எடை கூடும்.

எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தால் அளந்தால், ஆழாக்கானாலும் பாவானாலும் தவறு வராது. ஒன்றை எடையிலும் மற்றதை அளவிலும் எடுத்தால்தான் வம்பு. தாய்மார்களே, உங்கள் வீட்டு டம்ளர் எதற்கு எத்தனை கிராம் என்று மளிகைக்கடைத் தராசில் ஒருமுறை நிறுத்து, அடுக்களைச் சுவரில் எழுதி வையுங்கள். முறுக்கும் பிழைக்கும், பல்லும் பிழைக்கும்!