நெஞ்சறைச் சீழும் அதன் ரண சிகிச்சையும்

தமிழ் பயிலும் மாணவன் சீழைப்பற்றி எழுதப் புகுவானேன் என்று நண்பர் சிலர் நகைக்கக்கூடும். நம் புதுவையோ மருத்துவக் கல்விக்குப் பழைய இருப்பிடம். பிரெஞ்சு அரசினர் 1823-ஆம் ஆண்டிலேயே இங்கு ஒரு மருத்துவப் பள்ளியை நிறுவினர். அதன் வழிவந்த கல்லூரி 1956-இல் தன்வந்தரியின் பெயரையும், 1964-இல் ஜிப்மர் என்னும் பெயரையும் பெற்றது. கோரிமேட்டிலுள்ள அவ்வாஸ்பத்திரியில் மார்பை அறுத்துச் செய்யும் சிகிச்சைக்கெனத் தனிப்பகுதியே உண்டு. அங்கு வரும் நோய்களுள் ஒன்றே ஈண்டு நாம் கூறப்புகுவது.

நுரையீரலைப் போர்த்து ஒரு மெல்லிய உறையும், விலாவெலும்புகளின் உட்புறத்தே மற்றோர் உறையும் உள்ளன. அவற்றினிடையே இயல்பாக இருப்பது சிறிதளவு நீரே. அவ்விடத்திற் சீழ் தேங்குவதை ‘எம்பயீமா’ என்பர். ‘உள்ளே சீழ்’ என்பது இக்கிரேக்கச் சொல்லின் கருத்து. நிமோனியாவே பெரும்பான்மையும் இதற்குக் காரணம். நம் நாட்டிற் க்ஷயரோகமும் அதற்கு இளைத்ததன்று. மார்பிற்பட்ட காயம், உணவுக்குழலின் கிழிவு முதலியனவும் காரணமாகலாம். கல்லீரலில் அமீபா என்னும் கிருமியால் உண்டாகும் கட்டி, உதரவிதானத்தை அரித்துக்கொண்டு வலப்புற நெஞ்சறைக்குள் உடைவதும் உண்டு. அசுத்தமான நீரின் வழியே குடலிற் புகுந்த கிருமி மார்பிற் சென்று சீழாவது வியப்பன்றோ! தென்னாட்டிற் குடிப்பழக்கமுள்ள ஆடவரிடம் இக்கட்டி மிகுதி.

சீழ் உள்ள இடத்தை அறுத்து வெளியேற்றலாமே எனின், ஹிப்பாக்ரட்டீஸ் காலத்திலேயே அது செய்யப்பட்டது. ஆயினும் அச்சம் நீங்கவில்லை. பாரிசின் தலைசிறந்த ரண வைத்தியரான துபுயித்ரென் என்பவரே இந்நோயால் 1835-இல் இறந்தார். தம்மீது கத்தி படவே அவர் இசையவில்லை என்பர். அவ்வச்சம் காரணமற்றதன்று. 1918-இல் விஷஜுரம் பரவியபோது, அமெரிக்கப் படைமுகாம்களிற் சீழ் கண்டவுடனே மார்பைத் திறந்தனர். 100-க்கு 30 பேர் அளவில் மாண்டனர். நுரையீரல் விலாவோடு ஒட்டிக்கொள்ளுமுன் திறந்தால், வெளிக்காற்று உட்புகுந்து நுரையீரல் சுருங்கிவிடும். எவார்ட்ஸ் கிரஹாம் முதலிய அறிஞர் இதனை ஆய்ந்துரைத்து, முதலில் ஊசியாற் சீழையிறைத்துக் காத்திருந்து பின்னரே திறக்கச்செய்ய, சாவு 100-க்கு 5 பேர் அளவிற்குக் குறைந்தது. கத்தி அதுவேதான், காலம் மட்டுமே மாறிற்று.

காற்றுப் புகாமற் சீழை வடிக்கும் வழியை ஹாம்பர்க் நகரத்துப் பூலௌ என்பவர் 1891-இல் வெளியிட்டிருந்தார். விலாவினின்று வரும் குழாயின் நுனியைச் சீசாவிலுள்ள நீருக்கடியில் அமிழ்த்துவதே அது. மூச்சு விடுகையிற் சீழும் காற்றும் வெளிவரும். இழுக்கையில் நீர் சற்றுக் குழாயில் ஏறுமேயன்றிக் காற்று உட்செல்லாது. நம் வீட்டுத் தண்ணீர்ச்செம்பே காவலாக நிற்பது போன்ற இவ்வெளிமை என்னை மிகவும் கவர்ந்தது. இன்றும் இம்முறையே வழக்கிலுள்ளது.

தொடக்கத்தில் நீர் மெல்லியதாயிருக்கும். குழாயும் கிருமிகொல்லி மருந்துகளும் போதும். சில நாள் கழியின், சிலந்திவலைபோன்ற இழைகள் படர்ந்து இடம் பல அறைகளாகப் பிரிந்துவிடும். அப்போது ஓர் அறையிலிட்ட குழாய் மற்றோர் அறையை வடிக்காது. இழையைக் கரைக்கும் மருந்தை உட்செலுத்துவர். அன்றி, விலாவிற் சிறு துளைகளிட்டுக் காமிராவினால் நோக்கியபடியே வலையை அறுத்தெடுப்பர். வாரங்கள் பல கடந்தாலோ, நுரையீரலைச் சுற்றித் தடித்த தோல் வளர்ந்து அதனைச் சிறையிடும். சீழ் முழுதும் வடிந்தாலும் நுரையீரல் விரியாது.

இந்நிலைக்குரிய சிகிச்சையைப் பிரெஞ்சுப் படைமருத்துவர் எட்மோன் தெலோர்ம் 1894-இல் விளக்கி, ‘தெகோர்த்திகாசியோன்’ எனப் பெயரிட்டார். மரப்பட்டையை உரித்தல் என்பது பொருள். இதனினும் பொருத்தமான பெயர் கிடைத்தலரிது. மார்பைத் திறந்து, தடித்த தோலை நுரையீரலினின்று சிறிது சிறிதாக உரித்தெடுப்பர். பல நாழிகை செல்லும், குருதியிழப்பும் உண்டு. தமிழகத்தில் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலே ரீவ் பெட்ஸ் என்னும் அமெரிக்கர் 1940-களின் இறுதியில் வந்து மார்பு ரண சிகிச்சையைத் தொடங்கிய பின்னர், இத்தகைய சிகிச்சைகள் நம்மவர்க்கு அணிமையாயின. இதனைத் தாங்கவியலாத மெலிந்தோர்க்கு விலாவெலும்பிற் சிறுபகுதியை நீக்கி, வாயிலொன்றமைத்து, மாதக்கணக்கிற் சீழை வடியவிடுவர்.

நோயாளர் பலர் இக்கடைநிலையில் வந்துசேர்வதற்குக் காரணம் உண்டு. கடையில் வாங்கிய மாத்திரையாற் காய்ச்சல் அரைகுறையாகத் தணியும், வேலைக்குத் திரும்புவர், உள்ளே தோல் தடித்துக்கொண்டேயிருக்கும். மூச்சிழுக்கையில் ஒருபக்க விலாவிற் குத்தல், விட்டுவிட்டு வரும் காய்ச்சல், நாளும் உடல் மெலிதல் ஆகிய இவற்றைக் கண்டவர் உடனே எக்ஸ்ரே எடுத்துப்பார்த்தல் வேண்டும். க்ஷயரோகத்தால் வந்ததாயின், சீழை வடித்த பின்னும் அந்நோய்க்குரிய மருந்தை ஆறு மாதமேனும் உண்ணவேண்டும். நடுவில் நிறுத்தினோர்க்குச் சீழ் மீண்டும் சேர்வதுண்டு.