பனிக்காலத்துக்கு வேறு ரத்தம்

மயிலாப்பூர் லஸ் முனைக்குப் பக்கத்தில் ஒரு லேபில் ரத்தம் எடுப்பது என் வேலை. காலையில் வெறும் வயிற்றோடு வருகிறவர்களில் பலர் கேட்பது மூன்று மாத சர்க்கரைப் பரிசோதனை. அதென்ன மூன்று மாதக் கணக்கு? நம் சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். அத்தனை நாளும் ரத்தத்தில் ஓடிய சர்க்கரை அதிலுள்ள ஹீமோகுளோபினில் ஒட்டிக்கொண்டே வரும்; புதியதும் பழையதும் கலந்திருப்பதால் அது சுமார் மூன்று மாதச் சராசரியைச் சொல்லும்.

சுண்டெலியின் சிவப்பணுவுக்கு ஆயுள் சுமார் 40 நாள்தான். ஐப்பசியில் அதன் உடம்பில் ஓடிய ரத்தம் பொங்கலுக்குள் முழுக்கப் புதிதாகிவிடும். இந்த வேகம் குளிர் நாட்டுச் சிறு பாலூட்டிகளுக்குப் பெரிய துணை. சின்ன உடம்பு சீக்கிரம் சூட்டை இழக்கும். சூடு உண்டாக்க ஆக்சிஜன் வேண்டும். மலை மேலோ அதற்குத்தான் பஞ்சம். 3,500 மீட்டர் உயர லே நகரில், மெரினாவில் கிடைக்கும் ஆக்சிஜனில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கே உண்டு. அமெரிக்க மான் எலிகளுக்குக் குளிர்காலத்தில் ஹீமோகுளோபின் ஏறுவதை 1960களிலேயே பதிவு செய்திருக்கிறார்கள்.

மனிதருக்கும் ஏறும். பிரெஞ்சு மருத்துவர் வியோ 1890இல் பெருவின் மொரோகோச்சாவுக்குப் போய், தன் ரத்தத்தையே எண்ணிப் பார்த்தார். ஒரு கன மில்லிமீட்டரில் 50 லட்சமாக இருந்த சிவப்பணுக்கள் மூன்று வாரத்தில் 80 லட்சம் ஆகியிருந்தன. ஆக்சிஜன் குறைந்ததும் சிறுநீரகம் எரித்ரோபொய்ட்டின் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. எலும்பு மஜ்ஜை வேலையைத் துரிதப்படுத்துகிறது. அந்தக் குறைவைச் செல்கள் எப்படி உணர்கின்றன என்று கண்டுபிடித்ததற்காகத்தான் கேலின், ராட்க்ளிஃப், செமென்சா மூவருக்கும் 2019இல் நோபல் பரிசு கிடைத்தது.

தி. நகரில் கம்பளிக் கோட்டு வாங்கிக்கொண்டு லடாக் போகிறவர்கள், திரும்பி வந்து எச்.பி. (ஹீமோகுளோபின் அளவு) பார்த்துப் பூரித்துப் போகிறார்கள். எனக்கு அதில் சந்தோஷம் இல்லை. சிவப்பணு கூடக் கூட ரத்தம் கெட்டியாகும், இதயம் அதைத் தள்ளச் சிரமப்படும். ஆண்டிஸ் மலைவாசிகள் சிலருக்கு இதுவே நோயாகிவிடுகிறது.

பைக்காவைப் பாருங்கள். முயலின் உறவு, வால் வெளியே தெரியாது, எடை சுமார் 150 கிராம். திபெத்தியப் பீடபூமியிலும் வட சிக்கிமிலும் வாழ்கிறது. இது ரத்தத்தை அளவு மீறிக் கெட்டியாக்குவதில்லை. இதன் ஹீமோகுளோபின் ஆக்சிஜனை இறுக்கமாகப் பற்றும் தன்மை கொண்டது. பனிக்காலத்திலும் நெடுந்தூக்கம் போடாது. உடம்பின் ஆற்றல் செலவை சுமார் 30 சதவீதம் குறைத்துக்கொள்கிறது, சில இடங்களில் யாக் சாணத்தையும் தின்கிறது. இந்தச் சிக்கனத்தையும் சாணத்தையும் பற்றி 2021இல் வெளியான ஆய்வைப் படித்தபோது உண்மையிலேயே அசந்துபோனேன்.

தலைமுறை தலைமுறையாக மேலேயே வாழும் திபெத்தியர்களும் இந்தக் கட்சிதான். சிவப்பணு உற்பத்தியை அடக்கி வைக்கும் இபாஸ்1 மரபணு மாற்றத்தை 2010இல் அவர்களிடம் கண்டார்கள். 4,000 மீட்டர் உயரத்தில் பிறந்து வளர்ந்த பலருடைய எச்.பி., எங்கள் லேப் ரிப்போர்ட்டில் அச்சடித்திருக்கும் நார்மல் எல்லைக்குள்ளேயே அடங்கிவிடும். அங்கே மூன்று வாரம் தங்கிய சென்னைக்காரர்தான் அதைத் தாண்டக்கூடியவர்.