கல்லீரலைச் சுற்றி ஒரு மாற்றுவழி

குடல், இரைப்பை, மண்ணீரல், கணையம் ஆகியவற்றிலிருந்து திரும்பும் இரத்தம் நேரே இதயத்துக்குப் போவதில்லை; போர்ட்டல் சிரை வழியாக முதலில் கல்லீரலுக்குள் நுழைகிறது. கல்லீரலுக்குக் கிடைக்கும் இரத்தத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு இப்படித்தான் வருகிறது. சிரோசிஸ் நோயால் கல்லீரல் தழும்பேறி இறுகிவிட்டால் இந்தச் சிரையில் அழுத்தம் ஏறுகிறது. வயிற்றில் நீர் கோக்கிறது. உணவுக்குழாயின் அடியில் சிரைகள் புடைக்கின்றன. அவை உடைந்தால் உயிரைப் பறிக்கும் இரத்தவாந்தி உண்டாகிறது.

தேங்கும் இரத்தத்தை வேறு வழியில் திருப்பிவிட முடியுமா என்று 1877-இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்கில் நாய்களிடம் சோதித்தவர் ராணுவ மருத்துவர் நிகோலாய் எக். போர்ட்டல் சிரையைக் கீழ்ப்பெருஞ்சிரையோடு பக்கவாட்டில் தைத்து இணைத்து, கல்லீரலுக்குள் போகும் வழியைக் கட்டி அடைத்தார். எட்டு நாய்களில் ஏழு சில நாட்களிலேயே இறந்தன. ஒன்று இரண்டரை மாதம் பிழைத்திருந்து, பிறகு ஆய்வுக்கூடத்திலிருந்து ஓடிவிட்டது. மனிதருக்கும் இதைச் செய்யலாம் என்று எக் எழுதினார். அது அவசர முடிவு.

அதே நகரில் இவான் பாவ்லோவும் அவருடைய சகாக்களும் இந்த அறுவையை மேலும் பல நாய்களுக்குச் செய்து, 1893-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பிழைத்த நாய்கள் இறைச்சி தின்றதும் மாறிப்போயின: சாதுவானவை சீறின, தள்ளாடின, பார்வை மங்கி, வலிப்பு வந்து, சில நினைவிழந்து இறந்தன. குடலில் உண்டாகும் அம்மோனியாவை யூரியாவாக மாற்றுவது கல்லீரலின் வேலை. இரத்தம் கல்லீரலைத் தொடாமல் போனதால் நஞ்சு மூளையை எட்டியது. இந்த ஆராய்ச்சி முழுவதிலும் இதுவே மிக மதிப்பான பாடம். அந்த நாய்களின் கல்லீரல் நோயற்றது என்பதையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும். நோயுற்ற மனிதக் கல்லீரலிலும் விளைவு அப்படியே இருக்கும் என்று சொல்ல முடியாது.

1945-இல் நியூயார்க்கில் ஆலன் விப்பிளின் குழுவினர் இந்த இணைப்பறுவையை நோயாளிகளிடம் பரவலாக்கினார்கள். இரத்தவாந்தி நின்றது. ஆனால் பலருக்கு மூளைக் குழப்பம் வந்தது, கல்லீரல் செயலிழந்தது. ஆயுள் எதிர்பார்த்தபடி கூடவில்லை.

வயிற்றைத் திறக்காத வழி 1969-இல் வந்தது. ஜோசப் ரோஷ் அமெரிக்காவில் நாய்களின் கழுத்துச் சிரை வழியே கருவியைச் செலுத்தி, கல்லீரல் சிரையிலிருந்து போர்ட்டல் சிரைக்கு ஊசியால் துளையிட்டுக் குழாய் பொருத்தினார். குழாய்கள் விரைவில் அடைத்துக்கொண்டன. 1980-களில் ஸ்டென்ட் எனப்படும் உலோக வலைக்குழாய் நாய்களிடம் சோதிக்கப்பட்ட பிறகே இந்த வழி நிலைத்தது; 1988-இல் ஜெர்மனியின் ஃப்ரைபர்கில் நோயாளிக்கு ஸ்டென்ட் வைக்கப்பட்டது. டிப்ஸ் எனப்படும் இந்தச் சிகிச்சையிலும் மூளைக் குழப்பத்தின் அபாயம் உண்டு. அதனால் பல மருத்துவர்கள் இயன்றவரை விட்டம் குறைந்த ஸ்டென்டையே தேர்ந்தெடுக்கிறார்கள்.

எலிகள் வேறொன்றைக் காட்டின. போர்ட்டல் சிரையோடு ஊசியைச் சேர்த்துக் கட்டி, ஊசியை மட்டும் உருவிவிட்டால் சிரை குறுகிவிடும். அடைப்போடு குடலின் தமனிகளும் விரிந்து, வரும் இரத்தத்தின் அளவும் கூடுவது அப்போது தெரிந்தது. புரோப்ரனலால் மாத்திரை அந்த வரத்தைக் குறைத்தே அழுத்தத்தைத் தணிக்கிறது.